நாலுக்கு நாலு

பத்துமலையோடு கொஞ்ச நேரம் பேசுகிற யாருக்கும் அவருடைய மகளின் மார்க்கு தெரியாமல் போகாது. பத்து காஜா என்ற ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் ஏறும் பிள்ளைகளுக்குத் தெரியும், பிள்ளைகளை ஏற்றிவிட வாசலில் நிற்கும் தாய்மார்களுக்குத் தெரியும், வேன் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் சீனனுக்குக்கூடத் தெரியும். மகள் தினேஸ்வரி, ஜெர்மனியில் இன்ஜினியரிங், ஃபோர் ஃபிளாட். மலேசியாவில் பிள்ளை பெற்ற யாருக்கும் ஃபோர் ஃபிளாட் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நாலுக்கு நாலு. அதற்கு மேல் இந்த நாட்டில் மார்க்கு கிடையாது.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர்களும் அவரைக் கண்டு ஒதுங்கிப் போனதில்லை. போன வருஷம் பெண்சாதி வீரம்மா செத்த பிறகு, அந்த மனுஷனுக்குச் சந்தோஷமாகப் பேச இருந்தது இது ஒன்றுதான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஈப்போ டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த அலுவலகத்துக்கு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். நன்றாகத் தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கும் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் அங்கே ஒரு வேலை நடக்கிறது. ஒரு நாட்டில் வாங்கிய மார்க்கை இன்னொரு நாட்டுக் கணக்குக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பார்கள். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே பத்துமலைக்குப் போன வாரம்தான் தெரியும்.

சொன்னது ஐயாவு. ஒரே ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் பிறந்து வளர்ந்த சிநேகிதர், இப்போது ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

"மச்சான், எங்க கம்பெனில இன்ஜினியர் தேடிக்கிட்டு இருக்கான். ஜெர்மன்ல படிச்சு முடிக்கப்போற புள்ளன்னா கண்ண மூடிக்கிட்டு எடுப்பான்லா. ஆனா ஆபீஸ்ல இருக்கற பொம்பளைக்கு நம்ம நாட்டு சிஜிபிஏ-தான் புரியும். தினேசு மார்க்க மாத்தி வாங்கிட்டு வா. நான் கொண்டு போயிக் குடுக்கறேன்."

பத்துமலைக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். வீரம்மா போன பிறகு, வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே ஃபேன் சத்தம்கூட இல்லை. ஒற்றை ஆளுக்குச் சமைக்கத் தெரியாமல் இரண்டு ஆளுக்குப் பொங்கி, மறுநாள் காலையில் கொட்டிக்கொண்டிருந்தார். ஆனால் சும்மா 'வா' என்று மகளைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. கிழவனுக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று ஃபோர் ஃபிளாட் வாங்குகிற பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுவதா? அவளுக்கு ஏற்ற நாற்காலி ஒன்றை இங்கே போட்டு வைத்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று இருந்தார்.

அலுவலகத்து முன்னறையில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு பெண் தன் மகளுக்காகக் காத்திருந்தாள். இரண்டு நிமிஷத்தில் அவளுக்கும் மார்க்கு தெரிந்துவிட்டது.

"நெசமாவா அண்ணே? ஜெர்மனிலயா? அங்க படிக்கறது ரொம்ப சுசா, கஷ்டம்னு சொல்லுவாங்களே."

"சுசாதான். நம்ம புள்ளைக்கு மண்டைல மூளை இருக்கு, என்னா செய்யறது." வீரம்மாவின் மூளை என்று வழக்கமாகச் சேர்த்துக்கொள்வார். அன்றைக்கும் சேர்த்துக்கொண்டார்.

அந்த மார்க்கு வந்த நாளை அவர் மறந்ததே இல்லை. அவர்கள் தோட்டத்தில் இப்போது பால்மரமும் இல்லை, லயமும் இல்லை. எல்லாம் வீடமைப்புக்காரன் கைக்குப் போய்விட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. தாமான் தாமானாக, புதுக் குடியிருப்புகளுக்குச் சிதறிப்போன ஆட்கள் பங்குனித் திருவிழாவுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் ஃபோர் ஃபிளாட் வாங்கிய பிள்ளையின் பேரை மைக்கில் சொல்லி, படத்தைப் பேனராக அடித்துக் கோயில் வேலியில் கட்டுவார்கள். ஃபோர் ஃபிளாட்டுக்கு மட்டும்தான் பேனர். பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சையான எஸ்டிபிஎம்மில் தினேஸ்வரி வாங்கியது மூன்று புள்ளி எட்டு மூன்று. நல்ல மார்க்குதான், பேனருக்குப் பற்றாத மார்க்கு. "பரவால்லம்மா" என்று பத்துமலை வாயால்தான் சொன்னார். மூஞ்சி சொன்னது வேறு. பெற்ற பிள்ளைக்கு அப்பன் மூஞ்சி படிக்கத் தெரியாதா? அந்த வருஷம் திருவிழாவுக்கு அவள் வயிற்று வலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டாள்.

பிறகு அவளே இணையத்தில் தேடி, அவளே எழுதிப்போட்டு, ஜெர்மனிக்குப் போனாள். முதல் அரையாண்டு முடிவு சரியாகத் திருவிழா அன்று வாட்ஸாப்பில் வந்து விழுந்தது. கோயில் பின்னால் அன்னதானத்துக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பத்துமலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கணக்கு 4.0. இயந்திரவியல் 4.0. அடுத்ததும் 4.0. அதற்கு மேல் அவர் எதையும் பார்க்கவில்லை. அங்கேயே பந்தலில் நின்று, ஸ்பீக்கரைப் போட்டு மகளைக் கூப்பிட்டார். ஐயாவு மைக்கைப் பிடித்து, "நம்ம பத்துமலை மக, ஜெர்மனில ஃபோர் ஃபிளாட்" என்று கத்தினார். கூட்டம் கை தட்டியது. போனில் தினேஸ்வரி அழுதாள். ஒரு வார்த்தை பேசாமல் தேம்பித் தேம்பி அழுதாள்.

"சந்தோசத்துல அழுவுதுலா புள்ள" என்று பத்துமலை எல்லாருக்கும் சொன்னார். அவரும் அழுதார். வீரம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, விறகுப் புகை என்றாள்.

அந்த மார்க்குத் தாளை எடுத்துப் பெரிதாக அச்சடித்து லேமினேட் போட்டு வைத்திருந்தார். அடுத்த அரையாண்டுத் தாளையும் அப்படியே. ஃபைலுக்குள் இருந்தவை அந்த இரண்டும்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவள் மீனாள். செட்டியார் வீட்டுப் பெண், நாற்பது வயது இருக்கும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலில் இருந்தாலும் வாய் நிறைய 'அண்ணே' போட்டுப் பேசுகிற ரகம்.

"உக்காருங்கண்ணே. யாருக்கு மாத்தணும்?"

"மகளுக்கு மேடம். ஜெலாப்பாங்ல வேலை சொல்லியிருக்காங்க. நம்ம நாட்டு மார்க்கா எழுதி வேணுமாம்."

தாளை வாங்கினாள். "லேமினேட்லாம் போட்டு வெச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். படிக்கப் படிக்கச் சிரிப்பு குறைந்தது. இரண்டாவது தாளைப் பார்த்தாள். முதல் தாளுக்குத் திரும்பினாள்.

"இதுக்கு அப்புறம் வந்த ரிசல்ட் இல்லீங்களா அண்ணே?"

"அதெல்லாம் ஆன்லைன்ல இருக்குன்னு சொல்லிருச்சு மேடம். தொடக்கமே இப்படின்னா மத்தத கேக்கணுமா?" பத்துமலை மேசை மேல் குனிந்து இரண்டாவது தாளில் விரல் வைத்தார். "இதப் பாருங்க. கணக்குல அஞ்சு. நாலுக்கு மேல அஞ்சு குடுத்திருக்கான். நம்ம ஊர்ல ஏ-க்கு மேல ஏ பிளஸ் குடுக்கறான்ல, அந்த மாரி."

மீனாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கால்குலேட்டரை எடுத்து, தெரிந்த விடையையே ஒரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இந்த முதல் ஷீட்டு நம்ம கணக்குல ரெண்டு வரும்."

"ரெண்டா? என்னா ரெண்டு?"

"சிஜிபிஏ ரெண்டு. இந்த மார்க்க வெச்சு வேலை கேக்கறது கொஞ்சம் சுசாதாண்ணே."

பத்துமலைக்குச் சிரிப்பு வந்தது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களும் அவசரத்தில் தப்பாகப் பார்ப்பது உண்டுதானே.

"மேடம், நல்லாப் பாருங்க. அது நாலு."

"நாலுதாண்ணே."

"நாலுக்கு நாலு."

"அங்க அப்படி இல்லண்ணே. ஜெர்மனில ஒண்ணுதான் உச்சம். ஒண்ணுலேர்ந்து ரெண்டு, மூணுன்னு கீழ எறங்கும். நாலுங்கறது பாஸ் ஆகறதுக்குக் கடைசிப் படி."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது. பிறகு எங்கிருந்தோ கோபம் வந்தது. சாமான்யமாகக் கோபப்படாத மனுஷன். வேனில் பிள்ளைகள் எத்தனை கூத்தடித்தாலும் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறவர்.

"செட்டியார் வீட்டுப் புள்ளைங்க வாங்கினா நாலு நாலாவே இருக்கும். எஸ்டேட்டுக்காரன் புள்ள வாங்கினா ரெண்டாப் போயிருமா? சொல்லுங்க மேடம்."

வெளியே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் அது கேட்டிருக்கும். மீனாள் பதிலுக்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும், சண்டை போட்டுவிட்டு இறங்கிப் போயிருப்பார். அவள் வேறொரு மார்க்குத் தாளை எடுத்து, பேரைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினாள்.

"இது போன வாரம் வந்ததுண்ணே. அதே நாடு. ஒண்ணு புள்ளி மூணு. இவருக்கு நான் மூணு புள்ளி எட்டுன்னு மாத்திக் குடுத்தேன். இங்க பாருங்க, உங்க ஷீட்டுலயே அடில இருக்கு."

லேமினேட்டுக்குள் தாளின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி. இத்தனை நாளாக எத்தனை பேரிடம் நீட்டியிருப்பார், யாரும் அந்த வரியைப் படித்ததில்லை. எல்லாருக்கும் 4.0 தெரிந்தது, அது போதுமாக இருந்தது. மீனாள் விரல் வைத்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். ஒன்று மிக நன்று. இரண்டு நன்று. மூன்று சுமார். நாலு ஒப்பேறியது.

"அஞ்சு?" என்றார் பத்துமலை.

மீனாள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "ஃபெயில்ண்ணே. ஒரே பாடத்துல மூணு வாட்டி ஃபெயிலானா பல எடத்துல அந்தப் படிப்பையே விடச் சொல்லிருவாங்க. புள்ள இப்ப என்னா பண்ணுதுன்னு உங்களுக்கு..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பத்துமலை தாளை எடுத்து ஃபைலுக்குள் வைக்கப் பார்த்தார். ஓரம் இடித்தது, உள்ளே போகவில்லை. மீனாள் வாங்கி வைத்துக் கொடுத்தாள்.

"அழுதுச்சுங்க மேடம்" என்றார் திடீரென்று. "அன்னைக்கு போன்ல அப்படி அழுதுச்சு. நான் சந்தோசத்துல அழுவுதுன்னு நெனச்சேன்."

"மொதல்ல புள்ளகிட்ட பேசுங்கண்ணே. மார்க்க அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் மீனாள். அவர் எழுந்து, கோபத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்து, அதைக் கேட்காமலே கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார்.

வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெயிலில் நின்ற வேன், உள்ளே வெந்தது. ஜன்னலை இறக்கக்கூடத் தோன்றாமல் போனை எடுத்து, திருவிழா அன்று வந்த செய்தியைத் தேடினார். அந்தப் படத்தைத்தான் எத்தனை தடவை திறந்திருப்பார். அதன் கீழே மகள் எழுதியிருந்த ஒரு வரியை இன்றைக்குத்தான் படித்தார். 'அப்பா, உங்ககிட்ட பேசணும். தனியா இருக்கும்போது கூப்பிடுங்க.'

தனியாக இருக்கும்போது கூப்பிடச் சொன்ன பிள்ளையை அவர் ஊரையே சுற்றி நிறுத்திவைத்துக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டாவது தாளின் கீழும் ஒரு வரி இருந்தது. 'இதையாவது பாருங்கப்பா.' அதைப் பார்த்துத்தான் அவர் அஞ்சு, அஞ்சு என்று குதித்திருக்கிறார். பத்துமலை ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வேன் தானாகப் போனது போலப் பழைய தோட்டத்துப் பக்கம் போனது. வழியெல்லாம் வீரம்மா அவர் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தாள்.

முதலில் அவள் கேட்டது ஒரு தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது. "புள்ளைய வந்துரச் சொல்லுங்களேன். இங்கயே ஏதாச்சும் படிக்கட்டும்." அவர் சிரித்தார். "ஃபோர் ஃபிளாட் எடுக்கற புள்ளைய பாதில கூப்பிடுவாங்களா?" அவள் விடாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், "சரி, யோசிச்சு சொல்றேன்" என்றார். பத்துமலை வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று வீரம்மாவுக்குத் தெரியும். பேச்சு முடிந்தது, இனி அதை எடுக்காதே என்று அர்த்தம். இருந்தாலும் அவள் மறுபடியும் எடுத்தாள். வருஷப் பிறப்புக்கு எடுத்தாள். அவருக்குச் சம்பளம் வந்த ஒரு நாள், நல்ல மீன்குழம்பு வைத்துக்கொடுத்து எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஒரு தடவையும் யோசிக்கவில்லை.

கடைசியாகக் கேட்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில். மூச்சு வாங்க வாங்க அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கூப்பிட்டா வராதுங்க. நீங்க வான்னு சொன்னா வந்துரும். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"யோசிச்சு சொல்றேன்லா. நீ பேசாமப் படு."

வெளியே வந்து மகளுக்கு அவரே போன் செய்தார். "அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. பரீட்சை நேரத்துல நீ வராத. நான் பாத்துக்கறேன்." அதைச் சொன்னபோது, தான் பெரிய தியாகம் செய்வதாக அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அந்த வாரத்திலேயே வீரம்மா போய்விட்டாள். சாவுக்கு வந்தவர்கள் மகளைக் கேட்டபோது, "நான்தான் வராதேன்னேன், படிப்பு கெட்டுரும்ல" என்று வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

கோயிலில் ஆள் இல்லை. பூசாரி மத்தியானச் சோற்றுக்குப் போயிருந்தார். அந்த வருஷம் மகளுக்குக் கட்டிய பேனர் வேலியில் இன்னும் இருந்தது. தினேஸ்வரியின் முகம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது, கீழே போட்ட 4.0 மட்டும் சிவப்பு மையில் இன்னும் பளிச்சென்று இருந்தது. வேனிலிருந்து கத்தியை எடுத்து வந்து நாலு மூலையிலும் கயிற்றை அறுத்தார். துணி சுருண்டு அவர் மேலேயே விழுந்தது. படம் உள்பக்கம் போகும்படி மடித்து மடியில் வைத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். அங்கே காலை நேரம்.

"அப்பா? என்னாப்பா இந்நேரம்? ஒடம்பு நல்லாருக்கா?"

"நல்லாருக்கேம்மா. எங்க இருக்க?"

"லைப்ரரிலப்பா. படிச்சுக்கிட்டு இருக்கேன்."

பின்னால் தகரத் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டு விரட்டினார்கள். எத்தனை நாள் இந்தச் சத்தத்தைக் கேட்டும் கேட்காமல் இருந்திருக்கிறார்.

"சாப்டியா?"

"சாப்டேன்பா."

"இப்பதான் ஈப்போல ஒரு மேடத்தப் பாத்துட்டு வாரேன். உன் மார்க்க நம்ம கணக்குக்கு மாத்தித் தரச் சொன்னேன்."

தட்டுச் சத்தம் தூரமாகப் போனது. ஒரு கதவு சாத்துகிற ஓசை. அவள் வெளியே வந்துவிட்டாள்.

"என்னா சொன்னாங்க?"

"ரெண்டுன்னாங்கம்மா."

அழுகை வந்தது. அதே அழுகைதான். ஒரு வார்த்தை இல்லாமல் தேம்பித் தேம்பி, அன்றைக்குப் பந்தலில் ஸ்பீக்கரில் கேட்ட அதே அழுகை. இன்றைக்கு அதற்குக் கை தட்ட ஆள் இல்லாததால் அது என்ன அழுகை என்று அவருக்குத் தெளிவாகவே கேட்டது.

"நான் திட்ட மாட்டேம்மா. அழுவாத."

"நீங்க திட்டியிருந்தா அன்னைக்கே வந்துருப்பேன்பா" என்றாள். "நீங்க ஊரு பூரா சொல்லி சந்தோசப்பட்டீங்க. அப்புறம் எப்படிப்பா வர்றது?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அஞ்சு வாங்கிய கணக்கில் மூன்றாவது தடவையும் விழுந்தது, படிப்பை விட்டுப் போகச் சொன்னது, விசாவுக்காக வேறு ஏதோ ஒரு படிப்பில் பேரைக் கொடுத்துவிட்டு ரொட்டிக் கடையில் வேலை செய்வது. பத்துமலை ம், ம் என்று கேட்டுக்கொண்டார். எதுவும் பெரிதாகப் படவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறாள், ரொட்டி அடுக்குகிறாள். அவள் தாய் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினாள், அவர் வேன் ஓட்டுகிறார். இதில் என்ன குறைச்சல்? இதை மட்டும் அன்றைக்கே கேட்டிருந்தால்.

"அம்மாவுக்குத் தெரியும்பா" என்றாள் தினேஸ்வரி.

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"திருவிழா அன்னைக்கே சொல்லிட்டேன். அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டேன். அம்மா சொன்னாங்க, 'நான் சொல்ல மாட்டேன், ஆனா அவரே உன்னைய வான்னு கூப்பிடற மாரி பண்றேன். அவரு வாயால கூப்பிட்டா நீ யாருக்கும் பதில் சொல்ல வேணாம், அப்பா கூப்பிட்டாரு வந்தேன்னு சொல்லிக்கலாம்'னு. ஒவ்வொரு வாட்டியும் போன்ல கேப்பேன். 'பொறும்மா, யோசிச்சு சொல்றேன்னாரு'ம்பாங்க."

"தினேசு..."

"ஆஸ்பத்திரில சேத்தாங்கன்னு கேட்டதும் பேக் கட்டிட்டேன்பா. என்னா ஆனாலும் சரி, கெளம்பிறலாம்னு இருந்தேன். அப்பதான் நீங்க போன் பண்ணி வராதேன்னீங்க. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சு, என் மூஞ்சில முழிக்க வேணாம்னுதான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சேன். பேக்க அவுத்து வெச்சிட்டேன்."

பத்துமலை மடியிலிருந்த பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சாவு வீட்டு வாசலில் நின்று 'நான்தான் வராதேன்னேன்' என்று சொன்ன தன் குரல் அவருக்கே கேட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாளே, அது எதற்கு என்று இப்போது தெரிந்தது.

"வந்துரும்மா" என்றார். "நான் கூப்பிடறேன். உங்கம்மா சொன்ன மாரியே என் வாயால கூப்பிடறேன். படிப்பு வேணாம், மார்க்கு வேணாம், ஒரு மண்ணும் வேணாம். யாராச்சும் கேட்டா அப்பா கூப்பிட்டாரு, வந்தேன்னு சொல்லு. வந்துரு சாமி."

அந்தப் பக்கம் அழுகை ஓய்ந்திருந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. யாரோ கதவைத் திறந்து அவள் பேரைத் தப்புத் தப்பாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் அவர்கள் பாஷையில் ஏதோ பதில் சொன்னாள், தடுமாறாமல்.

"அம்மா இருக்கறப்ப இத சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

"வீடு காலியா இருக்கும்மா" என்றார் கடைசியில். "ரெண்டு பேருக்குத்தான் இன்னும் பொங்கறேன்."

வைத்துவிட்டாளோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், வைக்கவில்லை. மறுபடியும் காதில் வைத்தார்.

"யோசிச்சு சொல்றேன்பா" என்றாள்.

அவள் வைத்த பிறகும் பத்துமலை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பூசாரி சாப்பிட்டுவிட்டு வந்து, காலியான வேலியையும் அவர் மடியில் இருந்ததையும் பார்த்தார். "என்னாண்ணே, தினேசுக்குப் புது பேனரா?" என்று கேட்டுக்கொண்டே கோயில் கதவைத் திறக்கப் போனார்.